ஓர் எண், இரண்டு போன்: குறுஞ்செய்தி எங்கே நிற்கிறது, யார் கண்ணில் படுகிறது?

ஒரு போனுக்கு வரும் குறுஞ்செய்தி இன்னொரு போனிலும் தெரிய வேண்டும் என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவரின் இந்திய சிம், ஊரில் அம்மா வீட்டு மேசை டிராயரில் ஒரு பழைய போனுக்குள் கிடக்கிறது. வங்கி அனுப்பும் ஓடிபி அந்தப் போனுக்குத்தான் வருகிறது. அலுவலகத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டு போன் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். வயதான அப்பாவின் போனுக்கு வரும் மின்கட்டணச் செய்தியையும் மருத்துவமனைச் செய்தியையும் வெளியூரில் இருக்கும் மகள் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தேவை நியாயமானது.

ஆனால் இந்த ஒத்திசைவு திடீரென்று நின்றுபோகும்போது பலரும் செய்வது ஒன்றுதான்: செயலி கேட்கும் அனுமதியை எல்லாம் கொடுப்பது, அதுவும் பலிக்காவிட்டால் இன்னொரு செயலியை நிறுவுவது. பழுது சரியாகிவிடலாம். ஆனால் உங்கள் செய்தியைப் படிக்கக்கூடியவர்களின் எண்ணிக்கையும் கூடிவிடுகிறது. எனவே ஒவ்வொரு அறிகுறியிலும் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது என் கட்சி. செய்தி எந்த இடத்தில் நிற்கிறது? சரிசெய்த பிறகு அதன் நகல் யாரிடமெல்லாம் இருக்கும்?

பழுதைத் தேடுவதற்கு முன்

எஸ்எம்எஸ் சிம்முக்கு வருவது. உங்கள் எண் இப்போது எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு நேரத்தில் ஓர் இடத்தைத்தான் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணினி குறித்து வைத்திருக்கும். செய்தி முதலில் நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்துக்கு வந்து, போன் தொடர்பில் கிடைக்கும்வரை காத்திருந்து, அந்த ஒரு சிம்முக்குப் போய்ச் சேரும். நிறுவனத்தின் வேலை அத்தோடு முடிந்தது. இரண்டாவது போனில் தெரிவதெல்லாம் முதல் போன் எடுத்துக் கொடுக்கும் நகல்.

அந்த நகல் மூன்று வழிகளில் போகிறது. முதலாவது, செய்திச் செயலியே இன்னொரு சாதனத்தை இணைத்துக்கொள்வது. கூகுள் மெசேஜஸின் 'டிவைஸ் பேரிங்', ஐபோனின் 'டெக்ஸ்ட் மெசேஜ் ஃபார்வர்டிங்' இந்த வகை. இரண்டாவது, அறிவிப்புப் பட்டையில் தோன்றுவதைப் படித்து மறு சாதனத்தில் காட்டுவது. விண்டோஸ் கணினிகளின் போன் லிங்க், கேடிஇ கனெக்ட் ஆகியவற்றில் இந்த வசதி உண்டு. மூன்றாவது, வரும் எஸ்எம்எஸ் ஒவ்வொன்றையும் படித்து மின்னஞ்சலுக்கோ டெலிகிராமுக்கோ வேறொரு எண்ணுக்கோ தானாக அனுப்பிவிடும் ஃபார்வர்டர் செயலிகள். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் பழுது பார்க்க இறங்கினால் வீண் அலைச்சல்தான்.

தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி, அந்த எண்ணுக்கு ஒரு சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். செய்தியில் அனுப்பும் நேரத்தையே எழுதச் சொல்லுங்கள்: "சோதனை 10.42". முதல் போனை ஒருவர் கையில் வைத்திருக்கட்டும், ஆனால் திரையைத் திறக்க வேண்டாம். ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது போனைப் பாருங்கள். வந்திருக்கிறதா? இல்லையென்றால் இப்போது முதல் போனின் திரையைத் திறந்து, செய்திச் செயலிக்குள் போய்ப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் பழுது சிம் பக்கம். அங்கே இருந்து, திரையைத் திறந்த சில நொடிகளில் இரண்டாவது போனிலும் வந்து விழுந்தால் பழுது பேட்டரி சிக்கனத்தில். அங்கே இருந்தும் இங்கே வரவே இல்லையென்றால் இணைப்போ அனுமதியோ அறுந்திருக்கிறது. பாதிக்கும் மேற்பட்ட சிக்கல்களை இந்தச் சோதனையே பிரித்துக் காட்டிவிடும்.

"முதல் போனுக்கே செய்தி வரவில்லை"

ஒத்திசைவுச் செயலியைத் தொடாதீர்கள். அதில் குற்றமில்லை.

சிம்மை அண்மையில் மாற்றினீர்களா, சாதாரண சிம்மிலிருந்து இ-சிம்முக்குப் போனீர்களா என்று பாருங்கள். இந்தியாவில் சிம் மாற்றிய முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வசதியை நிறுத்தி வைக்கிறார்கள். உங்கள் பெயரில் வேறொருவர் போலி சிம் வாங்கி ஓடிபியைக் கைப்பற்றுவதைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது. ஒரு நாள் பொறுத்திருங்கள். நீங்கள் சிம்மை மாற்றவே இல்லை, ஆனாலும் போனில் சிக்னலே காணோம் என்றால் அது அவசரம்: உங்கள் எண்ணில் வேறு யாராவது சிம் எடுத்திருக்கலாம். நிறுவனத்தின் சேவை மையத்தையும் வங்கியையும் உடனே அழையுங்கள்.

அடுத்து ரீசார்ஜ் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். டிராயரில் கிடக்கும் போனில் அடிக்கடி நடப்பது இதுதான். போனின் சேமிப்பிடம் நிறைந்திருந்தாலும் புதிய செய்திகள் ஏறாமல் நிற்கும். பல வருடக் குடும்பப் படங்கள் அடைந்துகிடக்கும் பழைய போன்களில் இதைக் கவனியுங்கள்.

அழைப்பைத் திருப்பிவிடும் 'கால் ஃபார்வர்டிங்' வசதியைப் போட்டுவிட்டு எஸ்எம்எஸ்ஸும் சேர்ந்து வரும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. அது அழைப்புகளை மட்டுமே திருப்பும். ஆனால் அதில் ஓர் ஆபத்து இருக்கிறது: ஓடிபியைக் குரல் அழைப்பிலும் சொல்லும் சேவைகள் உள்ளன. முன்பின் தெரியாதவர்கள் போன் செய்து, *401# என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொல்லி, மற்றவரின் அழைப்புகளைத் தங்கள் எண்ணுக்குத் திருப்பிக்கொண்டார்கள். அதனால்தான் இப்படிக் குறியீடு அழுத்தி அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. உங்கள் போனில் *#21# அழுத்தினால் திருப்பிவிடல் இருக்கிறதா என்று திரையில் காட்டும்.

"தாமதமாக வருகிறது, முதல் போனைத் திறந்தால்தான் வருகிறது"

ஆண்ட்ராய்டு 2015இல் வந்த 6.0 பதிப்பு முதலே, கையில் எடுக்காமல் கிடக்கும் போனை ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்பும் வழக்கத்தை வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் பங்குக்குப் பேட்டரி சிக்கனத்தைச் சேர்த்திருக்கிறார். செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய், பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாடு இல்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஷாவ்மி, ஓப்போ, விவோ, ரியல்மி போன்களில் 'ஆட்டோஸ்டார்ட்' அல்லது 'ஆட்டோ லாஞ்ச்' என்று இன்னொரு பூட்டும் இருக்கும். அதைத் திறக்காவிட்டால், போன் ஒருமுறை அணைந்து மீண்டும் இயங்கும்போது செயலி எழுந்திருக்காது.

ஊரில் இருக்கும் போன் என்றால் மின்தடையையும் கணக்கில் எடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் மின்சாரம் நின்றால் வீட்டு வைஃபை பெட்டியும் நின்றுவிடும். போனில் சார்ஜ் இருக்கும், எஸ்எம்எஸ்ஸும் வரும். ஆனால் நகலை வெளியே அனுப்ப இணையம் இருக்காது. அந்த சிம்மிலேயே சிறு அளவு டேட்டாவும் இருக்கும்படி ரீசார்ஜ் செய்வது ஒன்றே வழி.

இத்துடன் சம்பந்தமில்லாதது போலத் தோன்றினாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாதக்கணக்கில் சார்ஜரிலேயே மாட்டி வைக்கப்பட்ட பழைய போனின் பேட்டரி உப்பக்கூடும். பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறதா, திரை ஓரத்தில் பிளவு தெரிகிறதா என்று வீட்டில் இருப்பவர்களை மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, அந்தப் போனை மேற்கொண்டு பயன்படுத்தாதீர்கள். 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். மூடிய டிராயருக்குள் துணிகளுக்கு நடுவே சார்ஜ் ஏறும் போனை வைக்கவே வேண்டாம்.

"பாதிச் செய்திதான் வருகிறது, அதுவும் தமிழ்ச் செய்தி என்றால்"

ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட் இடம்தான் உண்டு. ஆங்கில எழுத்தில் 160 இடங்கள் கிடைக்கும், தமிழில் 70. அந்த 70கூட நாம் எண்ணுகிற எழுத்துகள் அல்ல. 'வணக்கம்' என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. மெய்ப்புள்ளி தனியாக எண்ணப்படுவதால் போனுக்கு அது ஏழு. ஆகவே வங்கியோ அரசுத் துறையோ அனுப்பும் சாதாரணத் தமிழ் அறிவிப்பு இரண்டு மூன்று துண்டுகளாகத்தான் பயணிக்கிறது. ஒரு துண்டுக்கு 67 இடமாகக் குறைந்தும் போகிறது, ஏனென்றால் துண்டுகளைக் கோக்கும் விவரத்துக்கும் இடம் வேண்டும். போனின் செய்திச் செயலி இவற்றைச் சேர்த்து ஒன்றாகக் காட்டிவிடும். சரியாக எழுதப்படாத ஃபார்வர்டர் செயலி முதல் துண்டை மட்டும் அனுப்பிவிட்டு நின்றுவிடும், அல்லது துண்டுதுண்டாக அனுப்பும்.

எஸ்எம்எஸ் வழியாகவே மறு எண்ணுக்கு அனுப்பும்படி அமைத்திருந்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு எஸ்எம்எஸ்ஸாகக் கணக்கில் ஏறும். ஒரு நாளுக்கு 100 எஸ்எம்எஸ் என்ற அளவு நம் ப்ரீபெய்ட் திட்டங்களில் சகஜம். விளம்பரச் செய்திகளையும் சேர்த்து அனுப்பும் செயலி மாலைக்குள் அதைத் தீர்த்துவிடும். இரவில் வரும் முக்கியமான செய்தி நின்றுபோகும். எந்த அனுப்புநரின் செய்தி போக வேண்டும் என்று வடிகட்டும் வசதி இல்லாத ஃபார்வர்டரை வைத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவின் மின்கட்டணச் செய்தி மகளுக்குப் போவது ஒன்று. அப்பாவுக்கு அவருடைய நண்பர் எழுதும் செய்தியும் போவது வேறொன்று. அந்த நண்பர் மகளுக்கு எழுதவில்லை. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை.

"வங்கிச் செய்தி வருகிறது, நண்பர்களின் செய்தி வரவில்லை"

நண்பர்களின் செய்தி எஸ்எம்எஸ்ஸாக வருவதில்லை என்பதுதான் காரணம். எஸ்எம்எஸ்ஸுக்குப் பின் வந்த ஆர்சிஎஸ் என்ற செய்தி முறை இரு பக்கமும் இயங்கினால் கூகுள் மெசேஜஸ் அதை இணையம் வழியாக அனுப்பும். இரு பக்கமும் ஐபோன் என்றால் ஆப்பிளின் ஐமெசேஜாகப் போகும். எஸ்எம்எஸ்ஸை மட்டும் கவனிக்கும் ஃபார்வர்டர் இவற்றைப் பார்க்காது. இதற்காக ஆர்சிஎஸ்ஸை அணைக்கும்படி சில வழிகாட்டிகள் சொல்கின்றன. நான் சொல்ல மாட்டேன். கூகுள் மெசேஜஸில் இருவருக்கிடையிலான ஆர்சிஎஸ் உரையாடல் 2021 முதல் முனைக்கு முனை மறையாக்கம் பெற்றது, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையில் யாராலும் படிக்க முடியாது. எஸ்எம்எஸ்ஸுக்கு அது கிடையாது. இரண்டாவது போனில் தெரிய வேண்டும் என்பதற்காக நண்பரின் பாதுகாப்பையும் சேர்த்துக் குறைப்பது நியாயமில்லை. டிவைஸ் பேரிங் முறைக்கு மாறுங்கள். அதில் ஆர்சிஎஸ்ஸும் தெரியும்.

இதையொட்டிய இன்னொரு சிக்கல், ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்கு மாறியவர்களுடையது. ஐபோன் நண்பர்கள் அனுப்பும் செய்திகள் மட்டும் வந்து சேராது. ஆப்பிளின் கணக்கில் உங்கள் எண் இன்னும் ஐமெசேஜ் எண்ணாகவே பதிவாகியிருக்கிறது. பழைய ஐபோன் கையில் இருந்தால் சிம்மை அதில் போட்டு ஐமெசேஜை அணையுங்கள். இல்லையென்றால் ஐமெசேஜ் பதிவை நீக்குவதற்கென்றே ஆப்பிள் ஒரு இணையப் பக்கம் வைத்திருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் ஒரு குறியீடு வரும், அதை இட்டால் போதும்.

"இணைத்த கணினியைத் திறந்தால் மற்றது நின்றுவிடுகிறது"

கூகுள் மெசேஜஸின் இணையப் பதிப்பைப் பல சாதனங்களில் இணைத்து வைக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இயங்கும். பழுது அல்ல. 'இங்கே பயன்படுத்து' என்ற பொத்தானை அழுத்தினால் அந்தப் பக்கம் உயிர் பெறும். நீங்கள் எந்தச் சாதனத்தையும் திறக்காதபோது இந்த அறிவிப்பு தானாக வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள்: உங்கள் செய்திகளை அதே நேரத்தில் வேறு எங்கோ யாரோ திறந்திருக்கிறார்கள்.

"ஓடிபி மட்டும் வரவில்லை"

எல்லாம் வருகிறது, ஓடிபி வந்த இடத்தில் மட்டும் 'முக்கியமான அறிவிப்பு மறைக்கப்பட்டுள்ளது' என்ற பொருளில் ஒரு வரி நிற்கிறது. 2024இல் வந்த ஆண்ட்ராய்டு 15 முதல், அறிவிப்புகளைப் படிக்கும் செயலிகளிடமிருந்து ஓடிபியை அமைப்பே மறைக்கிறது. அதேபோல், இணையத்திலிருந்து நேரடியாக இறக்கிய ஃபார்வர்டர் செயலியை நிறுவவே முடியாமல் போகலாம். எஸ்எம்எஸ்ஸைப் படிக்கவும், அறிவிப்புகளைப் படிக்கவும், திரையில் உள்ளதைப் படித்துப் போனை இயக்க வழிவிடும் 'அக்சஸிபிலிட்டி' அனுமதி பெறவும் முயலும் வெளிச் செயலிகளை, கூகுளின் செயலிப் பாதுகாப்பு வசதியான பிளே புரொடெக்ட் தடுக்கும் ஏற்பாடு 2024ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இந்தியாவுக்கும் வந்தது.

இந்தத் தடைகளைத் தாண்டும் வழிகள் வீடியோக்களில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராத ரசீது என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பாக (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) வந்து, நிறுவிய மறுகணமே போனுக்கு வரும் ஓடிபிகளைத் திருடர்களுக்கு அனுப்பும் செயலிகள் நம் ஊரில் எத்தனையோ பேரின் வைப்புத்தொகையைக் கரைத்திருக்கின்றன. அவை கேட்கும் அனுமதிகளும் ஃபார்வர்டர் செயலி கேட்கும் அனுமதிகளும் ஒன்றே. நீங்கள் நல்ல நோக்கத்துக்காகத் திறந்துவிட்ட கதவு அடுத்தவருக்கும் திறந்துதான் இருக்கும். அம்மாவின் போனில் அதைத் திறந்து வைத்துவிட்டு நீங்கள் வெளிநாட்டில் இருந்தால், அடுத்த ஏபிகேயை அவர் தொடும்போது தடுக்க அங்கே ஒன்றும் இருக்காது.

பணக் கணக்கையும் பாருங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறும் இல்லை, வாடிக்கையாளரின் தவறும் இல்லை என்ற மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. ஆனால் வாடிக்கையாளரின் கவனக்குறைவால் ரகசிய விவரம் வெளியே போயிருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும்வரை நேர்ந்த முழு இழப்பும் அவருடையது. ஓடிபியை எல்லாம் தானாக வெளியே அனுப்பும் செயலியை நீங்களே நிறுவியிருந்தீர்கள் என்றால், எந்தப் பக்கம் தீர்ப்பாகும் என்று யோசியுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, டிராயர் போனையே கலைத்துவிடுங்கள் என்பதுதான். இரண்டு சிம் அல்லது இ-சிம் வசதியுள்ள போனில் இந்திய எண்ணை இரண்டாவதாக வைத்து, ரோமிங் இயக்கி, டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள். ஓடிபி உங்கள் கைக்கே வரும். இடையில் எவரும் இல்லை. ரோமிங் கட்டண விவரத்தை மட்டும் கிளம்பும் முன் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாடு வாழ் இந்தியர் கணக்கு என்றால், வெளிநாட்டு எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ ஓடிபி அனுப்ப வங்கி சம்மதிக்கிறதா என்று கேளுங்கள். என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளை வெளிநாட்டு எண்ணுடனேயே யுபிஐயில் இணைக்க, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2023 ஜனவரியில் 10 நாடுகளுக்கு அனுமதி அளித்தது: சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, கத்தார், ஓமன், ஹாங்காங், ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா, பிரிட்டன். மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்குகளில் எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதிலாக போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலியையோ, கைரேகை அல்லது திரைப்பூட்டால் உள்நுழையும் பாஸ்கீயையோ வைத்துக்கொள்ளலாம். அப்படி மாற்றிய ஒவ்வொரு கணக்கும் ஒத்திசைக்க வேண்டிய ஒரு செய்தியைக் குறைக்கிறது.

இதுவரை மின்னஞ்சலுக்கு ஓடிபிகளை அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் இப்போதே அந்தப் பெட்டியைத் திறந்து 'ஓடிபி' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடிப் பாருங்கள். ஓடிபிகள் காலாவதியாகியிருக்கும். ஆனால் எந்த வங்கி, கணக்கின் கடைசி நான்கு எண், எங்கே எவ்வளவு செலவழித்தீர்கள், எந்த மருத்துவமனையில் எப்போது பதிவு செய்தீர்கள் என்ற வரலாறு முழுவதும் அங்கே கிடக்கும். டெலிகிராமில் 'பாட்' எனப்படும் தானியங்கிக் கணக்குக்கு அனுப்புபவர்களுக்கும் இது பொருந்தும். அந்தத் தானியங்கிக் கணக்குடனான உரையாடலுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இல்லை. நிறுவனங்களின் சர்வர்களும் கோட்டையல்ல. 2018 நவம்பரில் அமெரிக்காவின் வாக்ஸாக்ஸ் என்ற குறுஞ்செய்தி நிறுவனத்தின் தரவுத்தளம் கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது தெரியவந்தது. 2.6 கோடிக்கும் மேற்பட்ட செய்திகள், அவற்றில் ஓடிபிகளும் கடவுச்சொல் மாற்றும் இணைப்புகளும் இருந்தன.

"ஒரே செய்தி இரண்டு முறை, ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் போய்விடுகிறது"

இரண்டு முறை வந்தால் இரண்டு வழிகள் ஒருசேர இயங்குகின்றன என்று பொருள். பேரிங்கும் ஃபார்வர்டரும் சேர்ந்து இயங்கலாம், அல்லது காப்புநகலை இரண்டு முறை மீட்டிருக்கலாம். ஒன்றை நிறுத்துங்கள். அழிப்பது விஷயத்தில் முறைக்கு முறை வேறுபாடு உண்டு. ஆப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுடில் மெசேஜஸ் இயங்கினால் எல்லாச் சாதனங்களும் ஒரே தொகுப்பைப் பார்க்கின்றன. ஒன்றில் அழித்தது எல்லாவற்றிலும் அழியும். சமீபத்தில் நீக்கியவை என்ற பகுதியில் 30 நாட்கள் வரை மீட்கலாம். ஃபார்வர்டர் அனுப்பிய நகல் நேர்மாறு: போனில் அழித்தாலும் மறுமுனையில் அப்படியே இருக்கும்.

ஐகிளவுடைப் பற்றி ஒரு சொல். அதில் செய்திகள் முனைக்கு முனை மறையாக்கப்பட்டவை என்பது உண்மை. ஆனால் ஐகிளவுட் பேக்கப்பும் இயங்கினால் மறையாக்கத்தைத் திறக்கும் சாவியின் நகல் அந்த பேக்கப்பில் ஆப்பிளின் வசம் போய்விடுகிறது. இதை அடைக்க வேண்டுமானால் 'அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்ஷன்' என்பதை இயக்க வேண்டும். இயக்கும் முன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி பத்திரப்படுத்துங்கள். அதைத் தொலைத்தால் ஆப்பிளாலும் உதவ முடியாது.

"என் செய்திகள் வேறொருவர் திரையில் தெரிகின்றன"

எல்லாவற்றிலும் முக்கியமான அறிகுறி இதுதான். இது பழுதாகவும் இருக்கலாம், வேவு பார்த்தலாகவும் இருக்கலாம்.

பழுது என்றால் பெரும்பாலும் பகிர்ந்துகொண்ட ஆப்பிள் கணக்கு. கணவன் வாங்கிய ஐபோனில் போட்ட அதே கணக்கையே மனைவியின் போனிலும், பிள்ளையின் ஐபாடிலும் போட்டுவிடுகிறார்கள். வாங்கிய செயலிகளைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற எண்ணம்தான். ஆனால் ஐமெசேஜும் ஃபேஸ்டைம் அழைப்பும் எல்லோர் கையிலும் ஒலிக்கத் தொடங்கும். மனைவி தன் தங்கைக்கு எழுதியது பிள்ளையின் ஐபாடில் தெரியும். ஆளுக்கொரு கணக்கு வைத்து, 'ஃபேமிலி ஷேரிங்' மூலம் செயலிகளை மட்டும் பகிருங்கள். அதற்குள் உடனடித் தீர்வாக, ஒவ்வொரு சாதனத்திலும் மெசேஜஸ் பகுதியில் 'சென்ட் அண்ட் ரிசீவ்' என்பதைத் திறந்து அவரவர் எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நீக்குங்கள்.

பழுதல்ல என்று சந்தேகம் எழுந்தால் இந்த இடங்களைப் பாருங்கள். கூகுள் மெசேஜஸில் வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு டிவைஸ் பேரிங்கைத் திறந்தால் இணைந்துள்ள கணினிகளின் பட்டியல் இருக்கும். ஜெராக்ஸ் கடையிலோ பழைய அலுவலகத்திலோ 'இந்தக் கணினியை நினைவில் கொள்' என்று டிக் செய்துவிட்டு வந்தது இன்னும் அங்கே இருக்கலாம். ஐபோனில் டெக்ஸ்ட் மெசேஜ் ஃபார்வர்டிங் பட்டியலையும், ஆப்பிள் கணக்கின் கீழ் வரும் சாதனங்களின் பட்டியலையும் பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸின் பிரைவசி பகுதியில் 'பெர்மிஷன் மேனேஜர்' உள்ளே எஸ்எம்எஸ் அனுமதி பெற்ற செயலிகள் எவை, 'நோட்டிஃபிகேஷன் அக்சஸ்' யாருக்கு இருக்கிறது, அக்சஸிபிலிட்டியில் புதிதாக என்ன இயங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'சிஸ்டம் சர்வீஸ்', 'வைஃபை' போன்ற பொதுப் பெயரில் ஒளிந்திருப்பவை உண்டு. வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பார்க்க மறக்காதீர்கள். 2023 ஏப்ரல் முதல் இன்னொரு போனைக்கூட அதில் இணைக்க முடிகிறது.

வேவு பார்ப்பவர் வீட்டுக்குள்ளேயே இருப்பவர் என்றால், பட்டியலைப் பார்த்ததும் நீக்கிவிடாதீர்கள். நீக்கியது அவருக்குத் தெரிந்துவிடும். ஆத்திரம் உங்கள் மேல் திரும்பலாம். முதலில் அவர் கை படாத வேறொரு போனிலிருந்து நம்பிக்கையானவரிடம் பேசுங்கள். மகளிர் உதவி எண் 181 இருக்கிறது. பட்டியலைப் படமெடுக்க வேண்டுமானால் வேறு போனில் எடுங்கள். உங்கள் போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் அவருடைய திரைக்கும் போகலாம். பாதுகாப்பான இடம் உறுதியான பிறகு ஐபோனில் 'சேஃப்டி செக்' வழியாக எல்லா இணைப்புகளையும் ஒரே நேரத்தில் துண்டிக்கலாம். ஐஓஎஸ் 16 முதல் அது இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை வேறு சாதனத்திலிருந்து மாற்றிவிட்டு, போனை ஃபேக்டரி ரீசெட் செய்வதுதான் உறுதியான வழி. தம்பதிகளுக்குள் ரகசியம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில், கேட்டுப் பார்ப்பது வேறு, கேட்காமல் பார்ப்பது வேறு.

"கேட்காத ஓடிபி வருகிறது" அல்லது "பணம் போய்விட்டது"

ஒரு ஓடிபி வந்து பணம் போகவில்லை என்றால் யாரோ எண்ணைத் தவறாக இட்டிருக்கலாம். தொடர்ந்து வந்தால், அல்லது நீங்கள் அனுப்பாத எஸ்எம்எஸ் உங்கள் போனிலிருந்து போயிருந்தால், செயலி ஒன்று வேலை செய்கிறது. யுபிஐ செயலிகள் உங்கள் எண்ணை உறுதிசெய்வதே அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான். ஆகவே எஸ்எம்எஸ்ஸைப் படிக்கவும் அனுப்பவும் முடிந்த செயலியிடம் உங்கள் எண்ணே இருக்கிறது என்று கொள்ளுங்கள். இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள்.
2. வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்து கணக்கையும் கார்டையும் முடக்கச் சொல்லுங்கள்.
3. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு மாறி மாறிப் போய்விடும்.
4. சந்தேகச் செயலியின் பெயரையும், அது வந்த செய்தியையும் வேறு போனில் படமெடுத்து வையுங்கள். பிறகுதான் நீக்கம், ரீசெட் எல்லாம்.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

பழைய போனைக் கொடுக்கும்போது, எண்ணைக் கைவிடும்போது

போனை விற்பதற்கு முன் பேரிங் பட்டியலிலிருந்து எல்லாவற்றையும் நீக்குங்கள். ஃபார்வர்டர் செயலியின் இணையக் கணக்கையும் மூடுங்கள். செயலியை அழிப்பதால் அதன் சர்வரில் உள்ள நகல் அழிவதில்லை. அதன் பிறகு கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி ரீசெட் செய்யுங்கள்.

எண்ணையே விடுவதாக இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண் 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்கு வழங்கப்படலாம். அந்தப் புதியவர் எந்தச் செயலியும் நிறுவாமல், எந்தத் தவறும் செய்யாமல் உங்கள் ஓடிபிகளைப் பெறத் தொடங்குவார். வங்கி, ஆதார், வருங்கால வைப்புநிதி, மின்னஞ்சல், எரிவாயு இணைப்பு, பிள்ளையின் பள்ளி என்று எண் கொடுத்த இடங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் புதிய எண்ணுக்கு ஒரு செய்தி வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு ரீசார்ஜை நிறுத்துங்கள்.